கண்ணாடித் தூசியில் எழுதியது

அக்டோபர் 3

என் பெயர் இன்னாசி. வயது எழுபத்தொன்று. ஊர் சிப்பித்துறை. இந்த மூன்று வரியையும் யாரையும் கேட்காமல் எழுதினேன். எழுதி முடிப்பதற்குள் டீ ஆறிவிட்டது. ஆறிய டீயும் நன்றாகத்தான் இருந்தது.

நோட்டு ஹெலன் டீச்சர் கொடுத்தது. முதியோர் வகுப்பில் ஒன்பது மாதம் படித்து முடித்ததற்குப் பரிசு. "தினமும் நாலு வரி எழுதுங்க தாத்தா. தப்பு வந்தா தாளைக் கிழிக்காதீங்க. அதுக்குக் கீழேயே சரியா எழுதுங்க" என்றார்.

காலையில் பஸ் ஏறி டவுனுக்குப் போனேன். "படியில் பயணம் நொடியில் மரணம்" என்று பஸ்ஸில் எழுதியிருக்கிறது. ஐம்பது வருஷமாக அந்த எழுத்துக்குப் பக்கத்தில்தான் தொங்கிக்கொண்டு போயிருக்கிறேன்.

இறங்கிய இடம் மீன் காட்சியகம். வாசலில் பலகை. "பராமரிப்புப் பணி நடைபெறுகிறது. ஐந்து தொட்டிகளை மட்டும் பார்வையிடலாம். இடையூறுக்கு வருந்துகிறோம்." கடைசி வரியை இரண்டு தரம் வாசித்தேன். ஒரு கட்டடம் என்னைப் பார்த்து வருந்துகிறது!

பலகைக்குக் கீழே ஸ்டூலில் காவலாளி இருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து கம்பிக் கதவை இழுத்துச் சாத்திப் பூட்டினார். மணி பத்தேகால். பத்து மணிக்குத்தான் திறந்திருக்கிறார்.

அவர் பெயர் கஸ்பார். என் தங்கச்சி பிலோமியின் புருஷன். எனக்கு மாப்பிள்ளை. இருபத்துநாலு வருஷமாக எங்களுக்குள் பேச்சு இல்லை.

அக்டோபர் 4

மழை. போகவில்லை. மழை என்று எழுதினேன். நன்றாக வந்தது.

அக்டோபர் 6

இன்று டிக்கெட் எடுத்தேன். டிக்கெட்டில் "ஒரு நபர்" என்று போட்டிருக்கிறது. அந்த நபர் நான். டிக்கெட் எடுத்தவனை மாப்பிள்ளை தடுக்க முடியாது. தடுக்கவில்லை. என் காலுக்கு முன்னால் துப்பினார், அவ்வளவுதான்.

உள்ளே பாதி இருட்டு. டைல்ஸ் அறுக்கிற மிஷின் கத்துகிறது. வெள்ளைத் தூசி எல்லாவற்றின் மேலும் படிந்திருக்கிறது. இருபது தொட்டியில் பதினைந்து காலி. தண்ணீர் இல்லாத தொட்டிக்குள் ஒருவர் உட்கார்ந்து சோறு தின்றுகொண்டிருந்தார். மேலே "நச்சுத்தன்மை கொண்டது, அருகில் செல்லாதீர்" என்று பலகை. வாசித்துவிட்டு நான் தனியாகச் சிரித்தேன்.

தண்ணீர் உள்ள ஐந்தில் பெரியது களவாத் தொட்டி. முப்பது கிலோவுக்குக் குறையாத களவா. கீழ்த்தாடை முன்னால் தள்ளி, வாய் பாதி திறந்து, சிமெண்டுப் பொந்துக்குள் கிடக்கிறது. பலகையைச் சத்தமாக வாசித்தேன். "களவா. பாறை இடுக்குகளில் வாழும். தன் இடத்தை விட்டு எளிதில் வெளியே வராது." ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க நேரமாயிற்று. மீன் பொறுமையாகக் கேட்டது.

மாப்பிள்ளை தீனிக்குச் சாளை மீன் வாளியோடு வந்தார். என்னைப் பார்க்கவில்லை. மீனைப் பார்த்துச் சொன்னார்.

"தலைவரே, யாரோ வந்து நிக்காவ பாரும். நமக்குத் தெரியாத ஆளு."

எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது. எங்கள் பக்கத்தில் இது ஒரு வழக்கம். பேச்சு இல்லாத இரண்டு பேர் ஒரே இடத்தில் மாட்டிக்கொண்டால், நடுவில் எதையாவது வைத்துப் பேசுவார்கள். சுவர், நாய், அடுப்பு. பக்கத்து வீட்டு அண்ணன் தம்பி பதினோரு வருஷம் ஒரு முருங்கைமரம் வழியாகவே பேசினார்கள். மாப்பிள்ளை எனக்கு இத்தனை வருஷத்தில் ஒரு நாயைக்கூட நடுவில் வைத்ததில்லை. இன்று மீனை வைத்தார்.

நானும் மீனிடம் சொன்னேன். "தலைவரே, எனக்கு ஒண்ணே ஒண்ணுதான் தெரியணும். என் தங்கச்சிய எந்த இடத்துல அடக்கம் பண்ணிருக்கு?"

மாப்பிள்ளை ஒரு சாளையை வீசினார். தண்ணீர் என் சட்டையில் தெறித்தது.

"தலைவரே, கைநாட்டுப் பயலுக்கு இடம் எதுக்குன்னு கேளும்."

வாளியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். சட்டையில் மீன் நாற்றம். துவைக்க மனம் வரவில்லை.

மீனுக்குத் தலைவர் என்று பெயர் வைத்த காரணம் பஸ்ஸில் வரும்போதுதான் புரிந்தது. அந்தக் காலத்தில் எங்கள் ஊர்க் கமிட்டித் தலைவருக்கு இதே தாடை.

அக்டோபர் 8

இதை எழுதித்தான் ஆகவேண்டும். இல்லாவிட்டால் நான் எதற்காக டவுனுக்குப் போகிறேன் என்று இந்த நோட்டுக்கே தெரியாது.

போன வருஷம் ஆகஸ்டில் பிலோமி இறந்துபோனாள். சேதி கேட்டுக் கோடிச் சேலை வாங்கிக்கொண்டு அவர்கள் டவுன் வீட்டுக்குப் போனேன். பொம்பளை இறந்தால் பிறந்த வீட்டுக் கோடி போடவேண்டும். மாப்பிள்ளை வாசலிலேயே மறித்தார். கோடியைப் பிடுங்கித் தெருவில் எறிந்தார். பொறுக்கிக்கொண்டு வந்துவிட்டேன். பின்னால் போய் அடக்கத்தைப் பார்க்கவில்லை. டவுன் கோயில் கல்லறைத் தோட்டத்தில்தான் வைத்திருப்பார்கள் என்று நினைத்தேன்.

நவம்பர் இரண்டு கல்லறைத் திருநாள். அன்று மெழுகுவர்த்தியும் பூவும் கொண்டு அங்கே போனேன். எல்லாக் கல்லறையிலும் எழுத்து இருந்தது. யாரிடமும் கேட்க வெட்கம். தங்கச்சியின் கல்லறை தெரியாதவன் என்று எந்த வாயால் கேட்பது? புதிதாகச் சுண்ணாம்பு அடித்த ஒன்றைப் பார்த்து, மண் ஈரம் காயாத மாதிரி இருந்தது, அதுதான் என்று முழங்கால் போட்டேன். அழவும் செய்தேன். பின்னாலிருந்து ஒரு அம்மா, "யாருங்க நீங்க? எங்க அப்பாவுக்கு ஏன் அழுறீங்க?" என்று கேட்டாள். கப்பலில் எஞ்சினியராக இருந்தவராம். அவள் பிள்ளைகள் சிரித்தார்கள். என் மெழுகுவர்த்தியை எடுத்து என் கையிலேயே கொடுத்தார்கள்.

ஜனவரியில் வகுப்பில் சேர்ந்தேன்.

மே மாதம் முழுக்க அந்தத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லாக வாசித்தேன். நானூற்றுப் பன்னிரண்டு. அதில் மூன்று பிலோமினா. மூன்றும் என் பிலோமி இல்லை.

நவம்பர் இரண்டு இந்த வருஷமும் வருகிறது. இடம் தெரிந்தவர் மாப்பிள்ளை ஒருவர்தான்.

அக்டோபர் 10

இன்று வாசலில் புதுப் பலகை. "தலைக்கவசம் இன்றி உள்ளே வரக் கூடாது." எழுத்து சாயவில்லை, நேராக இருந்தது. மாப்பிள்ளை எட்டாவது வரை படித்தவர்.

பஸ் பிடித்து வீட்டுக்குப் போய் மகனுடைய பைக் ஹெல்மெட்டை எடுத்துக்கொண்டு மத்தியானம் திரும்பி வந்தேன். போட்டுக்கொண்டு உள்ளே போனேன். வேலைக்காரர்கள் மிஷினை நிறுத்திவிட்டுச் சிரித்தார்கள். மாப்பிள்ளை சிரிக்கவில்லை.

"தலைவரே, ஒடைஞ்சா ஒழுகுறதுக்கு உள்ள ஏதாவது இருந்தாத்தானே மூடி போடணும். வெறும் பானைக்கு எதுக்கு?"

"தலைவரே, பலகையில போட்டுருக்கத வாசிச்சேன். வாசிச்சு நடந்தேன். அது குத்தமான்னு கேளும்."

"வாசிச்சாராம்! இன்னும் கொஞ்ச நாள்ல ஞாயிற்றுக்கிழமை பிரசங்கம் வைப்பாரு."

சூப்பர்வைசர் தங்கவடிவேல் ஓடி வந்தார். இளம் வயசு, நல்ல மனுஷன். "ரெண்டு பேரும் மீனைப் பாத்தே பேசுறீங்களே, மீனுக்குக் காது உண்டா பெரியவரே?" என்றார்.

"உமக்கும் எனக்கும் மட்டும் என்ன காதா இருக்கு?" என்றார் மாப்பிள்ளை.

வெளியே வரும்போது தங்கவடிவேலிடமிருந்து ஒரு விஷயம் தெரிந்தது. முப்பத்தொன்றோடு மாப்பிள்ளைக்கு வேலை முடிகிறது. இனி ஒரு கம்பெனி நடத்துமாம், காவலுக்கும் அவர்கள் ஆள். மாப்பிள்ளை மூன்றாம் தேதி கோயம்புத்தூருக்கு மகன் வீட்டோடு போகிறார்.

ஹெல்மெட்டுக்குள் வேர்த்துவிட்டது.

அக்டோபர் 13

இன்று மறக்க முடியாத நாள்.

மாப்பிள்ளை மீனிடம் ஒன்றும் பேசவில்லை. வாளியை வைத்துவிட்டு ஒன்பதாம் தொட்டிக்குப் போனார். காலித் தொட்டி. கண்ணாடி முழுக்கத் தூசி. விரலால் ஏதோ எழுதினார். போய்விட்டார்.

கிட்டப் போய் வாசித்தேன். "கைநாட்டு நாயே, இனி வராதே."

அரை மணி நேரம் அங்கேயே நின்றேன். என் எழுபத்தொரு வயசில் எனக்கென்று, என் ஒருவனுக்கென்று, ஒருவர் எழுதியது இதுதான் முதல் தடவை. கல்யாணப் பத்திரிகை வந்திருக்கிறது. கரண்டு பில் வந்திருக்கிறது. அது எல்லாருக்கும் எழுதுவது. "நாயே" என்பதில் துணைக்கால் கொஞ்சம் நீளம். கோபத்தில் இழுத்திருக்கிறார்.

பக்கத்துத் தொட்டியில் நான் எழுதினேன். "வருவேன்."

அக்டோபர் 14

எங்கள் வீட்டுச் சுவரில் எழுதிப் பழகினேன். மருமகள் சத்தம் போட்டாள்.

அக்டோபர் 16

இன்று நான்கு வார்த்தை எழுதியிருந்தார். நான்கும் கெட்ட வார்த்தை. மூன்றாவது எனக்குப் புதிது. ஹெலன் டீச்சரிடம் கேட்க முடியாது.

பதிலுக்கு நான் "சுகமா" என்று எழுதினேன். ஈரத் துணியால் துடைத்துவிட்டார்.

அக்டோபர் 18

ஒன்பதாம் தொட்டியில் இன்று திட்டு இல்லை. ஒரே ஒரு கேள்வி.

"அந்தத் தாளில் என்ன எழுதியிருந்தது?"

பதினொன்றாம் தொட்டிக்குப் போய் எழுதினேன். "எனக்குத் தெரியாது. அப்போது வாசிக்கத் தெரியாது."

மாப்பிள்ளை தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தார்.

அக்டோபர் 19

அந்தத் தாளைப் பற்றி எழுதுகிறேன்.

எங்கள் ஊரில் யார் மீன் பிடித்தாலும் கரையில் கமிட்டி ஏலத்தில்தான் விற்கவேண்டும். வேறு எங்கும் கொண்டுபோகக் கூடாது. நானும் மாப்பிள்ளையும் ஏழு வருஷம் ஒரே வள்ளத்தில் தொழில் செய்தோம். அப்புறம் அவர் தனி வள்ளம் போட்டார். அந்த வருஷம் அவர் பிள்ளைக்குக் காய்ச்சல். ஒரு நாள் விடிய விடியப் பிடித்த மீனை ஊரில் இறக்காமல் நேராக டவுனில் இறக்கி விற்றுவிட்டு, அப்படியே பிள்ளைக்கு மருந்து வாங்கி வந்தார். கமிட்டி கூடியது. ஊர்விலக்கு என்று முடிவு செய்தது. அந்தக் குடும்பத்தோடு யாரும் பேசக் கூடாது, தண்ணீர் கொடுக்கக் கூடாது, வள்ளம் தள்ளக் கூடாது, நல்லது கெட்டதுக்குப் போகக் கூடாது.

வீட்டுக்கு ஒருவர் அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டார்கள். எழுத்து தெரியாதவர்கள் கைநாட்டு. நானும் போட்டேன். கோயில் திருவிழாக் கணக்கு என்று சொல்லித்தான் வாங்கினார்கள். எழுத்து தெரியாதவனுக்கு என்ன தெரியும்? இதைத்தான் எல்லாரிடமும் சொல்லியிருக்கிறேன். என் வீட்டுக்காரியிடமும் இதைத்தான் சொன்னேன்.

அக்டோபர் 22

மூன்று நாளாகக் கண்ணாடியில் ஒன்றும் இல்லை. தொட்டிகளை எல்லாம் துடைத்து வைத்திருக்கிறார். என் முகம்தான் தெரிகிறது. மீனிடமும் பேசவில்லை. நான் கேட்டதற்குத் தலைவரும் பதில் சொல்லவில்லை.

அக்டோபர் 24

பாரம் தூக்கிய கை வலிக்கிறது. எழுத்து கோணலாக வரும்.

களவாத் தொட்டியில் கசிவு. தண்ணீரை வடித்து, மீனைப் பின்னால் உள்ள தொட்டிக்கு மாற்றவேண்டும். டைல்ஸ் ஆட்கள் அந்த வாயைப் பார்த்து ஒதுங்கிவிட்டார்கள். தங்கவடிவேல் என்னிடம் வந்தார். "பெரியவரே, நீங்க கடல்காரர்தானே? ஒரு கை பிடிங்க."

மாப்பிள்ளை முழங்கால் அளவுத் தண்ணீரில் நின்றுகொண்டு சொன்னார். "தலைவரே, அந்தக் கை உம்ம மேல படுறதுக்கு நீர் செத்துப் போகலாம்."

தங்கவடிவேல், "ஐயா, இந்த மீன் செத்தா என் வேலை போயிடும்யா" என்றார். மாப்பிள்ளை ஒரு பக்கமாக நகர்ந்து நின்றார். நகர்ந்தால் சரி என்று அர்த்தம்.

வேட்டியை மடித்துக் கட்டி இறங்கினேன். ஈரச் சாக்கை அதன் கண்ணை மூடிப் போட்டேன். கண் மறைந்தால் துள்ளாது. மாப்பிள்ளை தார்ப்பாயை அடியில் செருகினார். தலைப் பக்கம் நாங்கள் இருவர், நடுவில் தங்கவடிவேல், வால் பக்கம் டைல்ஸ் ஆட்கள் மூன்று பேர். "தூக்கு" என்று யாரும் சொல்லவில்லை. எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் முழங்கால் மடங்கி நிமிர்ந்தது. ஏழு வருஷம் ஒரே வள்ளத்தைத் தள்ளிய கால். அவர் இடது கால் வைத்தால் நான் இடது கால் வைத்தேன். மறக்கவில்லை. எனக்குச் சிரிப்பு வந்தது. அவர் தோள் என் தோளில் இடித்தது.

மீனைப் பின்தொட்டியில் விட்டோம். கொஞ்ச நேரம் சாய்ந்து கிடந்தது. அப்புறம் வாலை அசைத்து மூலைக்குப் போனது. எல்லாரும் கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

மாப்பிள்ளை தொட்டி விளிம்பில் கையை ஊன்றிக்கொண்டு மூச்சு வாங்கினார். மீனிடம் சொன்னார்.

"தலைவரே, உம்மத் தூக்குறதுக்கு ஆறு பேரு. கை வேற தட்டுறானுவ. எம் பிள்ளையத் தூக்குறதுக்கு நான் ஒருத்தன். பரவாயில்ல, அது கனம் இல்ல. குழி வெட்டத்தான் ஆள் கெடைக்கல. நானே வெட்டினேன். மண்ணத் தள்ளினது அவ."

தங்கவடிவேல், "என்னய்யா சொல்றீங்க?" என்றார்.

"மீன்கிட்டப் பேசுதேன். நீரு வேலையப் பாரும்."

அக்டோபர் 25

அந்தப் பிள்ளையின் பெயர் தெக்லா. வயது நான்கு. காய்ச்சல் விடவே இல்லை. ஊர்விலக்குப் போட்ட இரண்டாம் மாதம் இறந்துபோனது. கமிட்டி, ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் இல்லை என்று சொல்லிவிட்டது. மாப்பிள்ளை பிள்ளையைத் துணியில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டு டவுனுக்கு நடந்தார். அதற்குப் பிறகு அவர்கள் ஊருக்குத் திரும்பவில்லை.

என் வீட்டுக்கும் அவர்கள் வீட்டுக்கும் நடுவில் மூன்று வீடு. அன்று நான் கடலுக்குப் போயிருந்தேன். வந்த பிறகுதான் தெரியும்.

அக்டோபர் 26

மேலே எழுதியது தப்பு. அன்று நான் கடலுக்குப் போகவில்லை. காற்று அதிகம். யாருமே போகவில்லை.

வீட்டில்தான் இருந்தேன். பிலோமி "அண்ணே" என்று கூப்பிட்டது கேட்டது. ஒரு தரம் மட்டும் இல்லை.

அக்டோபர் 28

இன்று ஒன்பதாம் தொட்டியில் எழுத்து இருந்தது. புதுத் தூசி, எழுத்து பளிச்சென்று தெரிந்தது.

"31ஓடு இங்கே என் வேலை முடிகிறது. இடம் வேண்டுமென்றால் நடந்ததை எழுதிக் கொடு. தாளில். கைநாட்டு வேண்டாம். கையெழுத்து."

அக்டோபர் 29

பேனா எழுதவில்லை.

மேலே எழுதியது தப்பு. பேனா நன்றாகத்தான் எழுதுகிறது.

அக்டோபர் 30

தாளில் எழுதியதை இங்கேயும் பார்த்து எழுதி வைக்கிறேன். காலையில் ஆரம்பித்தது, சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது.

"சிப்பித்துறை இன்னாசி எழுதுவது. அன்று கமிட்டியில் தாளை எல்லாருக்கும் கேட்கும்படி வாசித்தார்கள். இரண்டு தரம் வாசித்தார்கள். கஸ்பார் குடும்பம் என்று வாசித்தது எனக்குக் கேட்டது. கஸ்பார் மனைவி பிலோமி என்றும் வாசித்தார்கள். எனக்கு எழுத்து தெரியாது. காது நன்றாகக் கேட்கும். திருவிழாக் கணக்கு என்று யாரும் என்னிடம் சொல்லவில்லை. அது நான் பிறகு சொன்னது.

போடாவிட்டால் உன் வள்ளத்துக்கும் இதே என்று யாரும் சொல்லவில்லை. சொல்வார்கள் என்று நானே நினைத்தேன்.

மை டப்பாவை நீட்டியபோது நான் ஒன்று கேட்டேன். எத்தனை மாதத்துக்கு என்று கேட்டேன். ஒரு வருஷம் என்றார்கள். கட்டை விரலை வைத்தேன். மையைத் தலைமயிரில் துடைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். சாப்பிட்டேன்.

பிள்ளை இறந்த அன்று பிலோமி கூப்பிட்டது எனக்குக் கேட்டது. ரேடியோ வைத்தேன்.

இப்படிக்கு, இன்னாசி."

கையெழுத்து நன்றாக வந்தது. அதைப் பார்த்துச் சந்தோஷப்பட இன்று முடியவில்லை.

அக்டோபர் 31

தாளைக் கொடுத்தேன். மாப்பிள்ளை வாங்கவில்லை. மீன் இருந்த பின்தொட்டியைத் துடைத்துக்கொண்டே சொன்னார். "தலைவரே, எழுதுனவரே வாசிக்கட்டும். சத்தமா. அன்னைக்கு ஊர் கேக்க வாசிச்சாவல்ல, அதே மாதிரி."

தங்கவடிவேல் கையைக் காட்டினார். டைல்ஸ் மிஷின் நின்றது. மேலே பெயிண்ட் அடிக்கிறவர்களும் நின்றார்கள். ஒன்பது பேர் இருந்திருப்பார்கள். நான் வாசித்தேன். எழுத்து எழுத்தாகத்தான் எனக்கு வரும், வேகமாக வராது. வேகமாக வாசித்து முடித்துவிடலாம் என்றால் முடியவில்லை. காலித் தொட்டிக்குள் சத்தம் போய்த் திரும்பி வந்தது. "ரேடியோ வைத்தேன்" என்று வாசித்தபோது பெயிண்ட் அடிக்கிறவர் ஒருவர் "சீ" என்றார்.

மாப்பிள்ளை முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். நடுவில் மீன் இல்லை, சுவர் இல்லை.

"இதெல்லாம் எனக்குத் தெரியும்."

நான் தாளைக் கீழே இறக்கினேன்.

"மை டப்பா புடிச்சவன் மறுநாளே வந்து சொல்லிட்டான். உம்ம மச்சான் எத்தனை மாசத்துக்குன்னு வெல கேக்குற மாதிரி கேட்டாருன்னு. இருபத்துநாலு வருஷமாத் தெரியும் ஓய். அவளுக்குத்தான் தெரியாது."

"பிலோமிக்கா?"

"சாகுற அன்னைக்கும் சொன்னா. எங்க அண்ணனுக்கு எழுத்து தெரியாது, ஏமாத்தி விரல வாங்கிட்டாவ, அது பாவம்னு சொன்னா. நான் மறுத்துப் பேசல. ஒரு நாளும் பேசல. பொறந்த வீட்டுலருந்து அவளுக்கு மிச்சம் இருந்தது அது ஒண்ணுதான். அதையும் நான் புடுங்கணுமா?"

தாளை என் கையிலிருந்து இழுத்து நான்காக மடித்துப் பைக்குள் வைத்தார்.

"மன்னிப்பு கின்னிப்புன்னு வாயத் தொறந்தீரு, பல்லு இருக்காது."



ஒன்பதாம் தொட்டிக்குப் போய் விரலால் எழுதினார். "பொது இடுகாடு. தெற்குச் சுவர். மூன்றாவது வேம்பு. பிள்ளையோடு." நான் முழுவதும் வாசித்து முடித்தேனா என்றுகூடப் பார்க்கவில்லை. வாளித் தண்ணீரைத் தூக்கிக் கண்ணாடியில் ஊற்றினார்.

"நீரு வரணும்னு இல்ல. நான் போயிட்டா வேற ஆள் இல்ல. அதுக்குத்தான்."

நவம்பர் 1

தங்கச்சியை டவுன் கோயில் தோட்டத்தில் ஏன் வைக்கவில்லை என்று ராத்திரி முழுக்க யோசித்திருக்கிறேன். ஒன்றும் யோசிக்கத் தேவை இல்லை. பிள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே போயிருக்கிறாள்.

மெழுகுவர்த்தி ஆறு வாங்கினேன். கோடிச் சேலையைப் பெட்டியிலிருந்து எடுத்து மடிப்பு மாற்றினேன்.

நவம்பர் 2

பொது இடுகாட்டில் பலகை இல்லை, பூ விற்கிறவர்கள் இல்லை. ஆடு மேய்கிறது. எல்லாரும் கோயில் தோட்டத்துக்குப் போயிருந்தார்கள். தெற்குச் சுவரோரம் வேப்பமரங்களை எண்ணினேன்.

மாப்பிள்ளை எனக்கு முன்பே வந்திருந்தார். சாந்துச் சட்டியும் கரண்டியும் வைத்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்திருந்தார். காட்சியகத்தில் மிஞ்சிய சிமெண்ட். பெரிய மேடு ஒன்று, அதை ஒட்டி இரண்டு முழ நீளத்தில் சின்ன மேடு. தலைமாட்டில் சாந்து பூசி மட்டம் பண்ணியிருந்தார். ஈரமாக இருந்தது. பெயர் இல்லை.

என்னைப் பார்த்தார். கையிலிருந்த கோடியையும் பார்த்தார். மேட்டைப் பார்த்துச் சொன்னார்.

"பிலோமி, உங்க அண்ணன் வந்திருக்காரு. சேலை கொண்டாந்திருக்காரு. அத எடுத்துட்டுப் போகச் சொல்லு."

நான் கோடியைப் பைக்குள் வைத்தேன்.

"இத்தன நாளும் பேரு எதுக்குன்னு விட்டுட்டேன். எனக்கு இடம் தெரியும், அவளுக்கும் தெரிஞ்சுது. நாளைக்கு நான் ரயில் ஏறிருவேன். இனி மழை பெஞ்சு மேடு கரைஞ்சா யாருக்குத் தெரியும்? பிலோமி, அவருக்கு எழுத்து வந்துட்டாம்ல. எழுதச் சொல்லு. மொதல்ல பிள்ளை பேரு."

ஒரு நீள ஆணியை மண்ணில் போட்டார். என் கையில் கொடுக்கவில்லை.

முழங்கால் போட்டு எடுத்தேன். ஈரச் சிமெண்டில் எழுதுவது தூசியில் எழுதுவது போல இல்லை. ஆணி இழுத்த இடத்தில் சாந்து எழும்புகிறது. மெதுவாகத்தான் எழுதவேண்டும். எனக்கு மெதுவாகத்தான் வரும். தெக்லா என்று எழுதினேன். மூன்று எழுத்துக்கு எவ்வளவு நேரம் ஆயிற்றோ, மரத்து நிழல் என் முதுகை விட்டுப் போய்விட்டது. மாப்பிள்ளை அவசரப்படுத்தவில்லை. அதற்குக் கீழே பிலோமி என்று எழுதினேன்.

நிமிர்ந்து பார்த்தபோது மாப்பிள்ளை சட்டியைத் தூக்கிக்கொண்டு வாசல் பக்கம் நடந்துகொண்டிருந்தார். எழுதியதை வாசித்தாரா, தெரியாது. "மாப்பிள்ளை" என்று கூப்பிட்டேன். நிற்கவில்லை. இன்னொரு தரம் கூப்பிட்டேன். அவருக்குக் கேட்டிருக்கும். காற்று அந்தப் பக்கம்தான் அடித்தது.

மெழுகுவர்த்திகளைக் கொளுத்தினேன். காற்றில் இரண்டுதான் அணையாமல் நின்றது.

சாந்தை ஓரத்தில் அமுக்கிச் சரிபண்ணும்போது கட்டை விரலில் சிமெண்ட் அப்பிக்கொண்டது. துடைக்கிறதற்காகக் கை தானாகத் தலைக்குப் போனது. தலைமயிர் வரை போய்விட்டது. கீழே இறக்கினேன். துடைக்காமல் பஸ்ஸில் ஏறினேன். இப்போது இதை எழுதும்போதும் விரலில் காய்ந்து இறுகி இருக்கிறது. பேனா பிடிக்கக் கஷ்டமாக இருக்கிறது.